அளந்தவர் கையெழுத்து

செம்பை அரிக்கும் ஃபெரிக் குளோரைடின் நாற்றம் மூக்கில் ஏறினால் இன்றும் எனக்குக் கோபம்தான் முதலில் வருகிறது. துருவும் புளிப்பும் கலந்த நாற்றம். ஆவடி பூந்தமல்லி சாலையில் நான் பாடம் நடத்தும் பொறியியல் கல்லூரியில், செம்பு பூசிய அட்டையை அந்தப் பழுப்புக் கரைசலில் ஆட்டி ஆட்டி ஆன்டெனா செதுக்கியவர் எங்கள் லேப் அக்கா. வடிவம் நான் கணினியில் வரைந்தது: சதுரத்தின் நடுவே சதுர ஓட்டை, மிச்சத்தில் அதே ஓட்டை சிறிதாய், அதனினும் சிறிதாய். உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரே தகடு மூன்று அலைவரிசைகளில் பேசும் என்பது என் கணக்கு. பேசும் இடங்களில் அளக்கும் கருவியின் திரைக்கோடு பள்ளமாய் இறங்கும். அந்தக் கருவியை இயக்கத் தெரிந்தவர் துறையிலேயே அக்கா ஒருவர்தான்.

அன்று இரண்டு பள்ளங்கள் சரியாய் விழுந்தன. மூன்றாவது தள்ளிப் போய் விழுந்தது. கேபிளை மாற்றி மாற்றி அளந்த அக்கா, திருநின்றவூரிலிருந்து தினமும் ரயிலில் வருகிறவர், கடைசியில் சிரித்துவிட்டார். "இன்னா சார் உங்க மூணாவது பள்ளம்? ஆவடில எறங்கச் சொன்னா தூங்கிக்கினே எங்க ஊருக்கு வந்துட்ச்சு!" நானும் சிரித்தேன். கணினியிடம் நான் சொன்ன அட்டையின் குணம் வேறு, கடையில் வாங்கிய அட்டையின் குணம் வேறு. அளவைத் திருத்தி இன்னொன்று செதுக்கினால் தீர்ந்தது.

ஆனால் கல்லூரியைத் தரம் பார்க்கும் குழு வரும் வாரம் அது. இந்த ஆன்டெனா பற்றிய ஆய்வுக் கட்டுரை அதற்குள் இதழுக்குப் போயாக வேண்டும். "அளந்த கோடு உங்க கம்ப்யூட்டர் கோட்டை ஒட்டியே போகட்டும். அங்கங்க கொஞ்சம் நடுங்கினா போதும், நம்பிடுவாங்க" என்றார் துறைத்தலைவர். எவ்வளவு நாகரிகமான வாக்கியம்! பொய் என்ற சொல்லே அதில் இல்லை. நான் உட்கார்ந்து, என் கோட்டையே நகலெடுத்து, எண்களை அங்கங்கே துளித்துளியாய்க் கூட்டிக் குறைத்து நடுங்கவைத்தேன். ஊரெல்லாம் இப்படித்தான் என்று சொல்லிக்கொண்டேன். ஊரெல்லாம் இப்படித்தானாம்! அந்தக் கட்டுரை இப்போதும் துறை வராந்தாவில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. அதைப் பார்த்துச் செதுக்கும் மாணவர்கள், மூன்றாவது பள்ளம் வராதபோது தங்கள் கையைத்தான் நொந்துகொள்கிறார்கள். இந்தக் கொடுமையை எந்தக் குழு வந்து அளக்கும்?

கட்டுரையோடு ஒரு தாளும் போக வேண்டியிருந்தது. அதில் 'அளந்தவர்' என்ற இடத்தில் அக்காவின் கையெழுத்து வேண்டும். அவர் கோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இது நான் அளந்தது இல்லியே சார்."

"ஒரு கையெழுத்துதானேம்மா" என்றார் தலைவர்.

"அதான் சார், என்னாண்ட ஒண்ணுதான் கீது. அதையும் குட்த்துட்டு நான் இன்னா பண்றது?"

அவருடையது ஒப்பந்த வேலை. மாதக் கடைசியில் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை, அவ்வளவுதான். பதினோரு வருடம் வேலை செய்தவரை ஏன் அனுப்புகிறீர்கள் என்று துறையில் ஒரு வாய் திறக்கவில்லை. என் வாயும்தான்.

கடைசி நாள், கல்லூரி வாசலில் ஷேர் ஆட்டோவில் ஏறி, சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டார். நான் ஆறுதலாய்ச் சொல்ல ஏதோ தேடிக்கொண்டிருந்தேன். அவரே கேட்டார்.

"என் எடத்துல யாரு சார் கையெழுத்து போட்டது?"

"நான்தான்கா."

ஆட்டோ நகர்ந்தது. அவர் தலையை வெளியே நீட்டினார்.

"அப்ப அந்த மெசினை எப்டி ஆன் பண்றதுன்னாவது கத்துக்கங்க சார்."