கோர்ன்வால் படத்தில் ஒரு படகு

பேய், ஆவி என்று யாராவது தொடங்கினால் நான் மூன்று கேள்விகள் கேட்பேன். எத்தனை மணி, வெளிச்சம் எங்கிருந்து வந்தது, வேறு யார் பார்த்தது. மூன்றாவது கேள்வியோடு முக்கால்வாசிப் பேர் தேநீர் குடிக்க எழுந்து போய்விடுவார்கள். அப்படிப்பட்டவள்தான் இதைச் சொல்கிறேன். உங்களை நம்பச் சொல்லிக் கேட்கப்போவதில்லை. நீங்கள் சொல்லி நான் கேட்டிருந்தால் சிரித்திருப்பேன்.

2007 கோடை. ஜெர்மனியில், கார்ல்ஸ்ரூஹே நகரில் நில அளவை படித்து முடித்து, ஓர் அலுவலகத்தில் வரைபட வேலை செய்துகொண்டிருந்தேன். வார இறுதிகளில் ரதிச் சித்தி வீட்டுக்குப் போவேன். அம்மாவின் தங்கை, தனியாக இருந்தார். ஞாயிறு மாலை எட்டேகாலுக்குச் சித்தியைத் தொலைக்காட்சி முன்னாலிருந்து அசைக்க முடியாது. கோர்ன்வால் படம் போகும்.

பார்க்காத பாக்கியவான்களுக்குச் சொல்கிறேன். கோர்ன்வால் இங்கிலாந்தின் தென்மேற்கு நுனி, எந்தப் பக்கம் நடந்தாலும் கடல். உண்மையில் அங்கே இருப்பது மழை, காற்று, கைவிட்ட வெள்ளீயச் சுரங்கங்களின் புகைபோக்கிகள், கப்பல் உடைந்து செத்தவர்களின் கல்லறைகள். ஜெர்மன்காரர் எடுக்கும் படத்தில் இவை ஒன்றும் இராது. பாறைமேல் ஒரு மாளிகை, ஒரு வெள்ளைக் குதிரை, ஒரு உயில், இரண்டு பேரில் யாரைக் கட்டுவது என்று தெரியாத ஒரு பெண். ஆங்கிலேயர் அத்தனை பேரும் சுத்தமான ஜெர்மன் பேசுவார்கள். கடல் என்பது கடைசி முத்தத்துக்குப் பின்னால் தொங்கும் திரை, அவ்வளவுதான்.

சித்தி பார்த்தது முத்தத்தை அல்ல, காட்சியின் பின்னால் நடந்து போகிறவர்களை.

சித்தப்பா மன்னார்க் கடலில் மீன் பிடித்தவர். இங்கே அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதும், 1996இல் இங்கிலாந்துக்குப் புறப்பட்டார். பிரான்ஸ் கரையிலிருந்து கடைசியாகப் பேசினார். "சின்னப் படகுதான். படகு எனக்கென்ன புதுசே?" அதன்பின் ஒரு செய்தியும் இல்லை.

இப்போது டோர்ட்முண்டில் பஸ் ஓட்டும் அருள் அண்ணை சித்தியைக் கட்டக் கேட்டிருந்தார். சித்திக்கும் விருப்பம். ஆனால் மாதா கோயிலில் கலியாணம் எழுத, சித்தப்பா இறந்துவிட்டார் என்று நீதிமன்றத் தாள் வேண்டும். அதற்கான விண்ணப்பத்தை, அன்ட்ராக்கை, நான் நிரப்பினேன். இங்கே வளர்ந்த பிள்ளைகளுக்குப் பத்து வயதிலிருந்தே அதுதான் வேலை, சொந்தக்காரர் எல்லாருடைய படிவமும் நம் தலையில். கையெழுத்து மட்டும் பாக்கி. நீதிமன்றம் நாள் குறித்துக் கொடுத்த இரண்டு டெர்மினைச் சித்தி தவறவிட்டிருந்தார். மூன்றாவது, திங்கள் காலை. முதல் நாள் ஞாயிறு மாலை சித்தி மறுபடியும் பின்வாங்கினார்.

"ஏலாது பிள்ளை. போன கிழமையும் அவரைப் படத்திலை கண்டனான்."

"என்ன சித்தி, சித்தப்பாவுக்கு இங்கிலாந்திலை நடிக்கிற வேலையோ?"

"நக்கலடிக்காதை. வலது காலை இழுத்து நடக்கிற அந்த நடை எனக்குத் தெரியாதே?"

நான் ஏற்கெனவே ஆறு படங்களை டிவிடியில் பதிந்து, பின்னால் போகிறவர்களை எல்லாம் பட்டியல் போட்டிருந்தேன்: நிமிடம், உடை, நடை. காலை இழுப்பவர் ஒருவர்கூட இல்லை. பட்டியலைக் காட்டினேன்.

"அது பதிஞ்சது. நான் நேரை பாத்தனான்," என்றார். இப்படிப்பட்ட ஒரு பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

"சரி, இண்டைக்கு நானும் நேரை பாக்கிறன். ஆளில்லாட்டில் படம் முடியக் கையெழுத்து."

"ஓம், வைக்கிறன்."

வெயில் இன்னும் பால்கனியில் இருந்தது. பதிவுக் கருவியைத் தட்டிவிட்டு, தாளும் பேனாவுமாக உட்கார்ந்தேன். ஐம்பத்தோராவது நிமிடம். துறைமுகம், தண்ணீர் நிரம்பி நின்றது. கதாநாயகி கடிதம் வாசித்து அழுகிறாள். அவளுக்குப் பின்னால் இடப்பக்கமிருந்து, கறுப்புச் சட்டை போட்ட ஒருவர் வலது காலை இழுத்தபடி வந்தார். நீலப் படகு ஒன்றின் பக்கத்தில் குனிந்து, கடல்தண்ணீரைக் கையில் அள்ளி, நெற்றியில் தொட்டுச் சிலுவை போட்டு, பெருவிரலை முத்தமிட்டார். எனக்கு எட்டு வயதாக இருக்கும்போது, ஏரியில் வாடகைப் பெடல் படகில் ஏறவும் சித்தப்பா அதையே செய்தார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். எந்த ஜெர்மன் இயக்குநர் அதை ஒரு துணை நடிகனுக்குச் சொல்லிக்கொடுப்பான்? அவர் ஏறினார். படகு ஒருமுறை தாழ்ந்து எழும்பியது. அடுத்தது வெள்ளைக் குதிரை.

என் மணிக்கட்டைப் பிடித்திருந்த சித்தியின் கை தளர்ந்தது.

"இவ்வளவு நாளும் கரையிலைதான் நிண்டவர்," என்றார். "இண்டைக்கு ஏறிட்டார். திரும்பிப் பாக்கவுமில்லை. பேனையைத் தா பிள்ளை."

படம் முடியும்வரைகூட அவர் காத்திருக்கவில்லை. கையெழுத்து வைத்துவிட்டு முகம் கழுவப் போனார். என் தாளில் என் கையெழுத்திலேயே இருந்தது: 51, கறுப்புச் சட்டை, வலது கால், நெற்றியில் தண்ணீர்.

பதிந்ததைப் போட்டுப் பார்த்தேன். அதே கடிதம், அதே அழுகை. ஆனால் துறைமுகத்தில் தண்ணீர் இல்லை. கடல் வற்றி, நீலப் படகு சேற்றில் சரிந்து கிடந்தது. ஆளும் இல்லை. அந்தக் கரையில் ஆறு மணி நேரத்தில் கடல் வற்றும் என்பது எனக்குத் தெரியும், வரைபடம் போடுகிறவள் நான். அரை மணி நேரத்துக்கு முன் ஒளிபரப்பான காட்சியில் எப்படி வற்றும்? சேற்றில் இடப்பக்கமிருந்து படகுவரை வெறுங்கால் தடங்கள். ஒரு தடம், பக்கத்தில் இழுபட்ட கோடு, மறுபடி ஒரு தடம். போனதற்கு மட்டும். வந்ததற்கு இல்லை.

அடுத்த வருடம் சித்தி கலியாணம் எழுதினார், நன்றாக இருக்கிறார். அந்தப் படத்தைப் பிறகு இரண்டு தடவை திரும்பப் போட்டார்கள். இரண்டு தடவையும் நேராகப் பார்த்தேன். சேறு வழுவழுவென்று இருந்தது, ஒரு தடமும் இல்லை. என் டிவிடித் தட்டில் மட்டும் இன்னும் இருக்கிறது. என் மூன்று கேள்விகளுக்கும் என்னிடம் பதில் இருக்கிறது என்பதுதான் எனக்குப் பிடிக்காத விஷயம்.

இரண்டாவது மறுஒளிபரப்பு முடிந்ததும் தட்டை எடுத்து, படத்தை நிறுத்தி நிறுத்தி, தடங்களை ஒவ்வொன்றாக அளந்தேன். முதலில் கவனிக்கவில்லை. படகுக்கு நாலைந்து அடி முன்னால் அந்த இழுபட்ட கோடு நின்றுவிடுகிறது. அங்கிருந்து இரண்டு காலும் நேராக நடந்திருக்கின்றன.