மருந்து படாத மல்லாட்டை

கண்ணாடித் தட்டில் ஏழாவது புள்ளி நீலமாக ஒளிர்ந்தது. கறுப்புத் துணி தொங்கவிட்ட பெட்டிக்குள் தலையை நுழைத்து, புற ஊதா விளக்கின் கீழே அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒப்பிடுவதற்காக ஓரத்தில் வைத்த பூஞ்சண நஞ்சின் புள்ளியும் அதே நீலம், அதே உயரம். ஏழாவது அதைவிடப் பளிச்சென்று இருந்தது.

எது தவறாகப் போனாலும் முதலில் ஒரு பட்டியல் போடுவது என் பழக்கம். அன்றும் போட்டேன். குடுவை சரியாகக் கழுவப்படாமல் இருக்கலாம். கரைப்பான் கெட்டிருக்கலாம். பக்கத்துச் சாறு தெறித்திருக்கலாம். எண்ணை நானே மாற்றி எழுதியிருக்கலாம். நான்கையும் சரிபார்த்துவிட்டுப் புதிய குடுவையில் மறுபடி செய்தேன். மறுநாளும் செய்தேன். மூன்று தட்டிலும் ஏழு நீலமாகவே இருந்தது.

ஏழாம் எண் என் அப்பாவின் மணிலா, அதாவது நிலக்கடலை. எங்கள் பேச்சில் மல்லாட்டை. பத்து வருடமாக ஒரு சொட்டு மருந்துகூடப் படாத நிலத்தில் விளைந்தது.

இது நடந்தபோது நான் வேதியியல் பட்டம் முடித்து ஒரு வருடம் ஆகியிருந்தது. எண்ணெய் வித்து வியாபாரிகள் சிலர் சேர்ந்து திண்டிவனத்தில் நடத்திய சிறிய சோதனைக்கூடத்தில் வேலை. ஈரப்பதம், எண்ணெய்ச் சத்து, உடைப் பருப்பு, பூஞ்சண நஞ்சு என்று நான்கே சோதனைகள். ஆட்களும் இரண்டே பேர்: கையெழுத்துப் போடும் வேதியியலர், மற்றதெல்லாம் செய்யும் நான். மகளிர் விடுதியில் தங்கியிருந்தேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை விழுப்புரத்தில் பஸ் மாறி, முகையூரைத் தாண்டி இருக்கும் எங்கள் ஊருக்குப் போய் வருவேன்.

அப்பாவுக்கு அங்கே இரண்டு ஏக்கர் மேட்டு நிலம். நான் பள்ளியில் படித்தபோது ஒருநாள் மருந்து அடித்துக்கொண்டே வரப்பில் மயங்கி விழுந்துவிட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் தெளிப்பானைக் காயலான் கடையில் போட்டார். அதற்குப் பிறகு சாணமும் வேப்பம் புண்ணாக்கும்தான். விளைச்சல் குறைந்தது. ஊரில் அவருக்கு 'சாணிக்காரர்' என்று பெயர் வந்தது. அவர் அதைக் கேட்டுச் சிரிப்பார். ஆனால் பக்கத்தூர் மாதா கோயிலை ஒட்டிய விவசாயிகள் சங்கம், மருந்து படாத மணிலாவை வெளிநாட்டுக்காரர்கள் கேட்கிறார்கள், ஆய்வில் தேறினால் நிலத்துக்குச் சான்றிதழ் தருவார்கள் என்று சொன்னதும் முதல் ஆளாகப் போய்ப் பெயர் கொடுத்தார். அந்த ஒரு தாள் அவருக்கு வேண்டியிருந்தது. பத்து வருடம் அவர் செய்தது பைத்தியக்காரத்தனம் இல்லை என்று யாராவது முத்திரை குத்திச் சொல்ல வேண்டியிருந்தது.

மெட்ராஸிலிருந்து சான்றிதழ் ஆய்வாளர் வந்த அன்று நான் ஊரில் இருந்தேன். என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார். கையில் பதினாறு பக்கப் படிவம்.

"பூச்சி மருந்து, யூரியா எதுவும் போடறதில்லைங்களே?"

"இல்லீங்க."

"நீங்க போடாட்டியும் பக்கத்துக் கொல்லைத் தண்ணி இங்க வருமே?"

"எங்குளுது மேடு சார். தண்ணி மேட்டுக்கு ஏறாது."

"காத்துல மருந்து வருமே ஐயா?"

"காத்துக்கு நான் இன்னா சார் பண்றது? வரப்புல நின்னுக்கினு மொறத்தால விசிறட்டுமா?"

மேற்குக் கொல்லைக்காரர், அடுத்த நிலத்துக்குச் சொந்தக்காரர், தன் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவுக்கு முறையில் மருமகன். "இன்னா மாமா, மாட்டு மூத்தரத்துக்கும் சர்ட்டிபிகேட்டு குடுக்குறாங்களா?" என்று குரல் கொடுத்தார்.

"உன் கொல்லையயும் பாக்கச் சொல்லட்டுமாடா?"

"ஐய, வேணாம் மாமா! நான் மருந்து அடிக்கிறவன். என்ன எவனும் ஒரு கேள்வி கேக்க மாட்டான்."

அப்பாவின் முகம் மாறியது. ஆய்வாளரிடம் திரும்பினார். "பாத்தீங்களா சார்? வெசம் போடறவன் சொம்மா இருக்கிறான். போடாதவன் பதினாறு பக்கம் ரொப்பணும். இது இன்னா சட்டம்?"

ஆய்வாளர் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். போகும்போது ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னார்: "பருப்பு முழுசா இருக்கணும் ஐயா. உடைப் பருப்பு ஜாஸ்தி இருந்தா அப்பிடியே தள்ளிடுவாங்க." அம்மா அதைத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். காய் உடைத்துப் பருப்பான பிறகு ஆய்வாளர் மறுபடி வந்து மூட்டைகளிலிருந்து மாதிரி எடுத்தார். பக்கத்தில் நம்பகமான கூடம் எங்களுடையதுதான் என்பதால் அங்கேயே கொண்டுவந்தார். அது என் வீட்டுப் பருப்பு என்று வேதியியலரிடம் முன்கூட்டியே சொன்னேன். "நீ செய், தட்டை நானும் பார்க்கிறேன்" என்றார். மூன்று தட்டையும் பார்த்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். அப்பாவையும் அம்மாவையும் உட்காரவைத்து, செடி பிடுங்கிய நாளிலிருந்து வரிசையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டேன்.

"காய் எத்தினி நாள் காஞ்சிது?"

"பன்னண்டு நாளு," என்றார் அப்பா. "சித்திர வெயிலு. ஆட்டனா உள்ள பருப்பு கலகலன்னுது."

"மழை?"

"ஒரு தூத்தல் கெடையாது."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா," என்றாள் அம்மா. "தண்ணி தெளிச்சி ஒடச்சோம்."

என் பேனா நின்றுவிட்டது.

எங்கள் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். நன்றாகக் காய்ந்த காயை அப்படியே உடைத்தால் பருப்பு இரண்டாகப் பிளந்துவிடும். அதனால் முதல் நாள் காயைக் குவித்துத் தண்ணீர் தெளித்து, ஈரச் சாக்குப் போட்டு மூடிவைப்பார்கள். மறுநாள் காயின் மேல்தோடு இளகியிருக்கும். பெண்கள் உட்கார்ந்து உடைத்தால் பருப்பு முழுசாக வரும். பிறகு நிழலில்தான் ஆற்றுவார்கள். வெயிலில் போட்டால் சிவப்புத் தோல் உரிந்துவிடும் என்று பயம். பத்து வயதில் அந்தக் குவியலுக்குக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றியவள் நான். ஈரம், வெப்பம், இருட்டு மூன்றும் சேர்ந்தால் பூஞ்சணம் வரும் என்று கல்லூரியில் எழுதி மதிப்பெண் வாங்கியவளும் நான்தான். இரண்டும் ஒரே தலைக்குள் இத்தனை நாள் ஒன்றையொன்று தொடாமல் இருந்திருக்கின்றன.

"எவ்ளோ தண்ணி தெளிச்ச?"

"முழுப் பருப்பு வேணும்னு அந்தத் தம்பி அவ்ளோ சொல்லிச்சேன்னு ரெண்டு தபா நல்லா தெளிச்சி மூடினேன். மறுநா ஒடைக்கலாம்னா கீழ்த்தெருவுல சாவு. ஆளுங்க வரல. மூணா நாள்தான் ஒடச்சோம். பருப்பு எப்பிடி வந்துது தெரியுமா? ஒண்ணுகூட ஒடையல!"

அவள் அதைப் பெருமையாகச் சொன்னாள். படிவம் கேட்டதை அவள் செய்தாள். உடைப் பருப்புச் சோதனையில் ஏழாம் எண்தான் அன்றைய மாதிரிகளிலேயே முதலாவது.

பருப்பில் நஞ்சு இருப்பதை அப்பாவிடம் சொன்னேன்.

"மருந்தே போடாத மல்லாட்டையில வெசம் எப்பிடிம்மா வரும்?"

"பூஞ்சணத்தால வருதுப்பா. கண்ணுக்குத் தெரியாது. வறுத்தாலும் போவாது."

"அப்ப இத்தினி வருசமா?"

இத்தனை வருடம் யாரும் சோதித்ததில்லை.

திங்கட்கிழமை அறிக்கை எழுதினேன். கூடத்தின் அச்சிட்ட படிவத்தில் கடைசியில் இரண்டு வரிகள் உண்டு. ஒன்று, ஏற்றுமதிக்கு. இன்னொன்று, உள்ளூர் விற்பனைக்கு. முதலாவதில் 'தகுதியில்லை' என்று எழுதினேன். இரண்டாவதில் 'ஆட்சேபணை இல்லை' என்று எழுதினேன். ஒரு வருடமாக எல்லா அறிக்கையிலும் அப்படித்தான் எழுதிவந்தேன். ஏற்றுமதிக்காரர்கள்தான் நஞ்சைப் பார்க்கச் சொல்வார்கள். உள்ளூருக்கு யாரும் கேட்டதில்லை. எனக்கு முன்னால் இருந்தவர் அப்படி எழுதினார் என்பதைத் தவிர வேறு காரணம் கிடையாது. வேதியியலர் கையெழுத்திட்டார். ஒரு நகல் அப்பாவுக்குப் போயிற்று. அந்த வருடம் சான்றிதழ் இல்லை.

அடுத்த மாதம்தான் ஊருக்குப் போக முடிந்தது. சாப்பாட்டில் அம்மா மல்லாட்டைத் துவையல் வைத்திருந்தாள். பாதி சாப்பிட்ட பிறகுதான் கேட்கத் தோன்றியது.

"இது எந்த மல்லாட்ட?"

"நம்முதுதான். ஊட்டுக்கு ஒரு மூட்ட வெச்சிக்கினோம்."

"லேபுல தள்ளின மூட்டையாம்மா?"

"ஆமா. மீதி ஒம்போது மூட்டய அப்பா விழுப்புரத்துல வறுகடலக்காரருக்குப் போட்டுட்டு வந்தாரு."

நான் எழுந்துவிட்டேன். கத்தவில்லை. அப்பாவின் பக்கம் திரும்பினேன். "விஷம்னு நான் இங்க உக்காந்து சொன்னேன் இல்லப்பா?"

அப்பா பதற்றப்படாமல் உள்ளே போய் அறிக்கையைக் கொண்டுவந்தார். நான்காக மடித்து வைத்திருந்தார். விரலை வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தார். "உள்ளூர் விற்பனைக்கு... ஆட்சேபணை இல்ல." தலையை நிமிர்த்தினார். "நீ வாயில சொன்ன, சரி. ஆனா இது கவர்மெண்டு கணக்கா அச்சடிச்ச தாளு. யோசிச்சி, டெஸ்ட்டு பண்ணி, வெளிநாட்டுக்காரனுக்குத்தான் ஒத்துக்காது, நம்ம ஒடம்பு தாங்கும்னு எழுதிக்கிறீங்கன்னு நெனச்சேன். இது உன் கையெழுத்துதான?"

என் எழுத்துதான். அந்த 'ணை'யை நான் எழுதும் விதத்தை என்னால் மறுக்க முடியாது.

பேனாவை எடுத்து இரண்டாவது வரியை அடித்தேன். மேலே 'மனிதருக்கும் மாட்டுக்கும் ஆகாது' என்று எழுதித் தேதி போட்டுக் கையொப்பமிட்டேன். அதற்கு எனக்கு அதிகாரம் கிடையாது. அப்பா அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அப்போதே கிளம்பினார். நானும் உடன் போனேன். வறுகடலைக்காரர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா பெரியவரே, வித்துட்டுத் திரும்ப வந்து வெசம்ன்றீங்க? நான் தெனம் துன்றேன், நல்லாதான கீறேன்?"

"மிச்சம் எவ்ளோ கீது, அத்த சொல்லு."

"நாலு மூட்ட கீது. அஞ்சு போயிடுச்சி. பஸ்டாண்டுல பொட்டலம் மடிச்சி விக்கறவங்கல்லாம் எடுத்துக்கினு போயிட்டாங்க."

நான்கு மூட்டையையும் வண்டியில் ஏற்றித் திரும்பக் கொண்டுவந்தோம். வீட்டில் மீதமிருந்ததையும் சேர்த்துக் கொல்லை ஓரத்தில் குழி வெட்டிக் கொட்டினார் அப்பா. மேற்குக் கொல்லைக்காரர் ஓடி வந்தார். "மாமா, புத்தி கெட்டுப்போச்சா? எம் மாட்டுக்காவது குடுங்களேன்!"

"உன் மாட்டுக்குந்தான்டா வேணான்றேன்," என்றார் அப்பா, மண்ணைத் தள்ளிக்கொண்டே.

திண்டிவனம் திரும்பியதும் வேதியியலரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "அந்த வரிக்கு அர்த்தம், நம்மிடம் அதைப் பற்றிக் கேட்கவில்லை என்பதுதானம்மா" என்றார். அவர் கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு அதிர்ச்சியாக இருந்திருக்காது.

அடுத்த சித்திரையில் ஆய்வாளர் மறுபடி வந்தார். இந்த முறை அம்மா தண்ணீர் தெளிக்கவில்லை. பருப்பில் ஏகப்பட்ட உடைசல். அவர் முகம் சுளித்தாலும், உடைசலைப் பொறுக்கிவிட்டால் தேறும் என்றார். சோதனையிலும் நீலம் இல்லை. பதினாறு பக்கமும் முடிந்து கையெழுத்துப் போடும் இடத்தில் அப்பா பேனாவைக் கீழே வைத்தார்.

"ஒண்ணு நீங்க கேக்கல சார். போன வருசம் தள்ளுனீங்களே, அது எங்க போச்சின்னு."

"அதுக்கு இதுல எடம் இல்லைங்களே ஐயா."

"எடம் இல்லாட்டி ஓரத்துல எழுதுங்க. அஞ்சு மூட்ட ஜனங்க துன்னுட்டாங்க."

ஆய்வாளர் என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லும்படி அவர் கண் கேட்டது. நான் அப்பா வைத்த பேனாவை எடுத்து அவரிடம் நீட்டினேன். அவர் ஓரத்தில் எழுதினார்.

இரண்டு மாதம் கழித்துப் படிவம் திரும்பி வந்தது, சான்றிதழ் இல்லாமல். 'ஓரக் குறிப்புக்கு எழுத்துமூலம் விளக்கம் தேவை' என்று ஒரு சீட்டு இணைத்திருந்தார்கள். அப்பா சொல்லச் சொல்ல நான் வரிசை எண் போட்டு எழுதினேன். ஒன்று, தண்ணீர் தெளித்தது. இரண்டு, மூன்றாம் நாள் வரை மூடிக் கிடந்தது. மூன்றாவதை அவர் மெதுவாகச் சொன்னார்.

"விக்கலாம்னு எழுதனது எம் பொண்ணு. வெசம்னு அது வாயால சொல்லியும் வித்தது நானு. இப்பிடியே எழுது."

"எழுதினா தாள் வராதுப்பா. என் வேலையும் போகலாம்."

"தெரியும். எழுது."

எழுதினேன்.