மேசையில் கிடந்த அண்ணன்

கலைக் கல்லூரியின் வேனை ஓட்டியவரை எல்லோரும் டிரைவர் அண்ணா என்றே கூப்பிட்டார்கள். அவரைவிட மூத்தவரான கல்லூரி முதல்வர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். ஐம்பதைத் தாண்டிய, ஒல்லியான, கன்ன எலும்பு துருத்திய மனிதர். இந்த வேலைக்கு வருமுன் ஒரு பேக்கரியில் ரொட்டி வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். "ரொட்டி பின்னால இருந்து அரட்டை அடிக்காது. அது ஒண்ணுதான் வித்தியாசம்" என்பார்.

மேடை வடிவமைப்பும் ஸ்பெஷல் எஃபெக்ட்ஸும் படிக்கும் பிள்ளைகளால்தான் அவருடைய வண்டிக்கு ஓய்வே இல்லாமல் போயிற்று. தெர்மாகோல் பாறைகள், எங்கும் திறக்காத கதவுகள், துணியில் தீட்டிய கடல், ரத்தம் சொட்டும் ரப்பர் கைகள் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போய் நாடக அரங்குகளில் இறக்குவார். பிள்ளைகள் வாங்கிய பரிசையெல்லாம் தானே வாங்கியதுபோல வீட்டில் வந்து அளப்பார்.

"ஒரு பொண்ணு மேடையில மழை பெய்ய வச்சிட்டா தெரியுமா? முன் வரிசைக்காரங்க எந்திரிச்சு பின்னால ஓடினாங்க. இன்னொருத்தன் தீக்காயம் மேக்கப் போட்டிருந்தான். நர்சு ஒருத்தங்க பாத்துட்டு அவனைத் திட்டித் திட்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகப் பாத்தாங்க."

தையல் கடையில் பள்ளிச் சீருடை தைத்துக் களைத்து வரும் அவர் மனைவி, "ஆரம்பிச்சிட்டீங்களா உங்க பிள்ளைங்க புராணத்தை" என்பாள். ஆனாலும் முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் எழுந்து போவாள்.

கடைசி வருடம் படித்த ஒரு பெண்ணுக்குப் பிசின் என்று பெயர் வைத்திருந்தார்கள். எந்நேரமும் விரல்களில் பசை ஒட்டியிருக்கும். அவள் தொட்ட கதவுப் பிடி அடுத்தவர் கையோடு வரும். இறுதிக் கண்காட்சிக்கு அவள் ஒரு பிணத்தைச் செய்யத் தீர்மானித்திருந்தாள். சவக்கிடங்கு மேசையில் கிடக்கும் ஒரு கிழவர். அச்செடுக்க முகம் தர ஒப்புக்கொண்டிருந்த நடிகர் வந்தார். மாவு கரைத்த வாளியைப் பார்த்தார். எனக்கு மூச்சு முட்டும் என்று போய்விட்டார். பிளாஸ்டர் மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்த டிரைவரைப் பிசின் மேலும் கீழும் பார்த்தாள்.

"அண்ணா, உங்களுக்கு நல்ல எலும்பு."

"என்னம்மா, கசாப்புக் கடைக்காரர் மாதிரி பேசற?"

"அரை மணி நேரம் உக்காந்தாப் போதும். மூக்குத் துவாரம் மட்டும் விட்டுருவேன். முடியலைன்னா கையத் தூக்குங்க, உடனே உரிச்சிடறோம்."

அவர் உட்கார்ந்தார். பல் வைத்தியர்கள் அச்சு எடுக்கப் பயன்படுத்தும் மாவுதான் அது. குளிர்ந்த கூழாக நெற்றியில் விழுந்து, இமையை மூடி, வாயை அடைத்து, காதுக்குள் இறங்கியது. அதன் மேல் பிளாஸ்டர் துணியைச் சுற்றினார்கள். தன் மூச்சின் சத்தம் மட்டும் கேட்டது. பேச்சுக் குரல்கள் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருவதுபோல வந்தன. பிறகு யாரோ கேட்டார்கள்:

"எடுத்துடலாமா?"

அவருக்கு உடம்பு தூக்கிப் போட்டது. இதே கேள்வியை ஒரு நாள் அவரிடம் கேட்டிருக்கிறார்கள். அப்பா இறந்த வீட்டில் கேட்டார்கள். தொலைதூரத்தில் வேலையிலிருந்த தம்பி ரயிலில் வந்துகொண்டிருந்தான். வழியில் எங்கோ தண்டவாளத்தில் வெள்ளம். மறுநாள் மதியத்துக்குள் வந்துவிடுவேன், காத்திருங்கள் என்று போனில் கெஞ்சியிருந்தான். இவரோ அன்று சாயங்காலமே, "எடுத்துடலாம்" என்று தலையாட்டினார். வந்து சேர்ந்த தம்பி, கழுவிவிடப்பட்ட ஈரத் தரையைப் பார்த்தான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அப்பா முகத்தை நீ எனக்குக் காட்டல. இனிமே உன் முகத்தையும் எனக்குக் காட்டாதே."

அப்படிச் சொல்லிவிட்டுப் போனவன்தான். வருடங்கள் ஓடிவிட்டன. ஒரு போன்கூட இல்லை.

அச்சை உரித்தபோது டிரைவரின் கன்னங்கள் நனைந்திருந்தன. மாவின் ஈரம் என்று நினைத்துப் பிசின் துண்டை நீட்டினாள்.

அந்த அச்சில் வார்த்த பிளாஸ்டர் முகத்தின் மேல் அவள் களிமண்ணை அப்பி, இருபது வயதைக் கூட்டினாள். கண்ணுக்குக் கீழ் பைகள் தொங்கின, உதடு உள்வாங்கியது. சிலிக்கானில் அதை வார்த்து, தோலுக்கு அடியில் நரம்புகள் ஓடவிட்டு, புருவத்து மயிர்களை ஊசியால் ஒவ்வொன்றாகக் குத்தி நட்டாள். தூக்கினால் நிஜ எடை தெரியட்டும் என்று உடம்புக்குள் மணல் பைகளை அடைத்தாள். மேடை வடிவமைப்புப் பிள்ளைகள் அதற்கென்றே ஓர் அறையைக் கட்டிக் கொடுத்தார்கள். நனைந்த டைல்ஸ் தரை, விட்டு விட்டு எரியும் டியூப் லைட், எங்கோ குளிர்பெட்டி ஓடும் உறுமல்.

கண்காட்சி திறந்த அன்று டிரைவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உள்ளே போனார். போனவர் வாசலிலேயே நின்றுவிட்டார். மேசையில் கிடந்தது அவர் அல்ல, அவருடைய அப்பா. அன்று சாயங்காலம் எப்படிக் கிடந்தாரோ அப்படியே. வாய் லேசாக இடப்பக்கம் கோணியிருந்ததுகூட.

"யாரைப் பாத்தும்மா இதச் செஞ்சே?"

"உங்களத்தான் அண்ணா. எலும்பு எங்கே இருக்கோ அதை அனுசரிச்சுத்தான் சதை தொங்கும். நான் சும்மா இழுத்து விட்டேன், அவ்வளவுதான்."

கலைக் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் அந்த உடல் முதல் பரிசு வாங்கியது. அறையைக் கட்டியவர்களுக்கும் தனியாக ஒரு பரிசு. இந்த முறை மட்டும் டிரைவர் வீட்டில் வந்து எதையும் அளக்கவில்லை. வேனைக்கூட அந்த உடல் இருந்த கட்டடத்தின் மறுபக்கம் கொண்டுபோய் நிறுத்தினார். மனைவியே கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "நல்லாத்தான் செஞ்சிருக்கா" என்றாள். அதோடு சரி. ஆனால் அதற்குப் பிறகு விடுமுறை மதியங்களில் அவர் கண்ணயர்ந்து விழிக்கும்போதெல்லாம் அவள் விரல் அவர் மூக்குக்குக் கீழே இருந்தது.

"என்னடி பண்ற?"

"ஈ உக்காந்திருந்துச்சு."

"மூடின ஜன்னல்ல எங்கேருந்துடி ஈ வரும்?"

அவள் போய்த் துணி மடிப்பாள்.

சில மாதங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசல் மணி அடித்தது. டிரைவர் பின்கட்டில் சவரம் செய்துகொண்டிருந்தார். மனைவி கதவைத் திறந்தாள். கையில் ஒரு பையோடு, பாதி நரைத்த தாடியோடு தம்பி நின்றிருந்தான்.

"அண்ணி" என்றான். நிலையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "ரெண்டாவது தடவையும் நான் லேட்டா வந்துட்டேன் அண்ணி."

சண்டையை மறந்து வந்திருக்கிறான் என்றுதான் அவள் நினைத்தாள். "வந்ததே போதும் தம்பி. லேட்டென்ன, சீக்கிரமென்ன? உள்ள வாங்க."

"கடைசில யாரு இருந்தா கூட? ரொம்பக் கஷ்டப்பட்டானா?"

அந்த நேரத்தில், "யாரு வந்திருக்கறது?" என்று கேட்டுக்கொண்டே டிரைவர் வந்தார். முகம் முழுக்க வெள்ளை நுரை, கண்கள் மட்டும் தெரிந்தன. தம்பி சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தான். அவர் பதறிப்போய்க் குனிய, அவன் கையால் அவர் கன்னத்து நுரையை வழித்தான். கீழே சூடான தோல் தட்டுப்பட்டது.

"உசுரோட இருக்கியா?"

"வேற எப்படிடா இருக்கறது?"

அழுகையும் சிரிப்புமாக அண்ணனும் தம்பியும் கட்டிக்கொண்டார்கள். தம்பியின் சட்டையெல்லாம் நுரை.

டீ குடித்து ஆசுவாசப்பட்ட பிறகு அவன் தன் போனை எடுத்துக் காட்டினான். கண்காட்சியில் யாரோ எடுத்த படம். எந்தப் புண்ணியவானோ அதன் கீழே, 'அடையாளம் தெரியாத முதியவர், உறவினர்கள் யாரும் வரவில்லை' என்று எழுதிச் சுற்றுக்கு விட்டிருந்தான். கை மாறிக் கை மாறி அது தம்பியிடம் வந்தபோதே பழைய செய்தியாகியிருந்தது. அண்ணனுடைய பழைய எண்ணுக்கு அடித்துப் பார்த்திருக்கிறான். உபயோகத்தில் இல்லை என்றது குரல். அதற்குப் பிறகு அவனுக்குச் சந்தேகமே வரவில்லை.

"எல்லாம் முடிஞ்சிருக்கும், இனிமே போய் என்ன செய்யன்னு வீட்லயே கெடந்தேன். சோறு இறங்கல. அப்புறம் அண்ணி முகத்தையாவது பாத்துட்டு வரலாம்னுதான் கிளம்பினேன்."

"நாளைக்கு வா, அந்த ஆளை உனக்குக் காட்டறேன்" என்று டிரைவர் சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை.

மறுநாள் தம்பியை வேனிலேயே கூட்டிப்போனார். படிப்பு முடிந்தும் பிசின் அங்கேயே துறையில் உதவியாளராக இருந்தாள். பொருள் வைக்கும் அறையைத் திறந்துவிட்டாள். மேசையில் உடல் துணி போர்த்திக் கிடந்தது.

"நான் எடுக்கலாமா?" என்று கேட்டு, தம்பி துணியைத் தானே விலக்கினான். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "அப்பா" என்றான்.

அவன் அந்தக் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டான். "கொஞ்சம் வெளிய இருக்கீங்களா?" என்று திரும்பாமலே கேட்டான்.

வெளியே நடைபாதையில் நின்றார்கள். மூடிய கதவுக்குப் பின்னால் தம்பியின் குரல் கேட்டது. ஏற்றமும் இறக்கமும் தெரிந்தன, வார்த்தைகள் புரியவில்லை. நடுவில் ஒருமுறை பதில் வாங்குவதுபோல நின்றது. பிசின் முகம் வெளிறிப்போயிற்று.

"நான் ஏதாவது தப்புப் பண்ணிட்டேனா அண்ணா?"

"இல்லம்மா. நீ அளவுக்கு மீறி நல்லாப் பண்ணிட்டே."

திரும்பும் வழியில் தம்பி, வீட்டுக்கு முந்தின திருப்பத்தில், "நிறுத்து" என்றான். டிரைவர் ஓரம் கட்டினார்.

"அந்தப் போட்டோவைப் பாத்த அன்னிக்கே உன் மேல இருந்த கோவமெல்லாம் போயிடுச்சு. சத்தியமாப் போயிடுச்சு. பாவம், யாருமில்லாமக் கெடந்திருக்கானேன்னு அழுதேன். நேத்து உன்னைப் பாத்தப்ப சந்தோஷம்தான். ஆனா காலைல எந்திரிச்சு, நீ பல்லு விளக்கிட்டு நிக்கறதைப் பாத்தேன். அவ்வளவும் திரும்பி வந்து உக்காந்துக்கிச்சு."

டிரைவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தார்.

"நான் மன்னிச்சது அங்க படுத்திருக்கறவனை. உன்னை இல்ல."

எதிரே ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். அவர் கடந்து போகும்வரை டிரைவர் காத்திருந்ததுபோல இருந்தது.

"பயந்துட்டேன்டா" என்றார். "ஊரெல்லாம் நினைச்ச மாதிரி உடம்பு தாங்காதுங்கற அவசரமும் இல்ல, ஒண்ணும் இல்ல. அப்பா முகம் கொஞ்சங் கொஞ்சமா வேற யாரோ மாதிரி ஆயிட்டே வந்துச்சு. இன்னொரு ராத்திரி அதோட ஒரே வீட்ல இருக்க என்னால முடியல. நீ வந்துட்டிருக்கேன்னு தெரியும். தெரிஞ்சுதான் எடுக்கச் சொன்னேன்."

"இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"அன்னிக்கு எனக்கே தெரியாது."

தம்பி மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அன்று சாயங்கால ரயிலுக்கே கிளம்பிவிட்டான். அண்ணியின் போன் நம்பரை மட்டும் வாங்கிக்கொண்டான். அதற்குப் பிறகு அவளுக்கு அவ்வப்போது போன் வந்தது. டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் சொல்லும் 'ம்'களையும் 'சரி'களையும் வைத்து மறுமுனைப் பேச்சை ஊகித்துக்கொண்டிருப்பார். அவரைக் கூப்பிடச் சொல்லி ஒருமுறைகூட அவன் கேட்டதில்லை.

அந்த நாட்களில் அவருக்கு ஒரு வினோதமான பொறாமை இருந்தது. தம்பியின் அழுகையையும் மன்னிப்பையும் மணல் பையை வயிற்றில் கட்டிக்கொண்டு கிடக்கும் அந்த ஆசாமி வாங்கிக்கொண்டான். கண்ணாடி முன் நின்றால் அவன் உள்ளேயிருந்து மெல்ல மெல்லத் தன்னைத் தேடி வந்துகொண்டிருப்பதாகத் தோன்றும். ஒருநாள் தலை வாரும்போது மனைவி அவரை உற்றுப் பார்த்துவிட்டு, "இந்தக் கன்னத்துக் கோட்டை அவ அப்பவே போட்டிருந்தா" என்றாள்.

வருடம் திரும்பியதும் பிசினுக்கு ஒரு பெரிய சினிமா ஸ்டுடியோவில் வேலை கிடைத்தது. அந்த உடலைப் பார்த்துத்தான் கொடுத்தார்கள், உடலையும் கேட்டார்கள். கொண்டுபோய் விடும் வேலை டிரைவர் தலையில் விழுந்தது. தம்பியோடு வந்த பிறகு பொருள் அறைக்குள் அவர் போனது அன்றுதான். பிசின் கால் பக்கம் நின்றாள். அவர் தலைப்பக்கம் போய், தோள்களுக்கு அடியில் கை கொடுத்தார். தலை அவர் நெஞ்சில் சாய்ந்தது. அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. குனிந்து முழுசாகப் பார்த்தார்.

"கனமா இருக்கா அண்ணா? இறக்கி வச்சிட்டுத் தூக்கலாமா?"

"வேணாம்மா. இப்படியே போயிடலாம்."

ஸ்டுடியோவில் இறக்கி, பெரிய அலமாரி ஒன்றில் படுக்க வைத்து, துணியை இழுத்துவிட்டு வந்தார். திரும்பும்போது வேன் காலி. ஆனாலும் வேகத்தடை வரும்போதெல்லாம் பின்னால் ஆள் படுத்திருப்பதுபோல மெதுவாகவே ஏற்றி இறக்கினார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவியின் போனை எடுத்துத் தம்பிக்கு அவரே அடித்தார்.

"சொல்லுங்க அண்ணி."

"நான்தான்டா."

தம்பி துண்டிக்கவில்லை.

"இன்னிக்கு அதைக் கொண்டுபோய் ஸ்டுடியோவுல விட்டுட்டு வந்தேன்."

"இனிமே அந்தக் காலேஜுக்கு வந்தாப் பாக்க முடியாதா?"

"முடியாது. வேற ஊருக்குப் போயிடுச்சு."

பின்னால் அவன் வீட்டில் யாரோ பாத்திரம் கழுவினார்கள்.

"பத்திரமா வச்சாங்களா?"

"நானே கையாலதான் வச்சேன்."

"சரி" என்றான் தம்பி. கொஞ்ச நேரம் கழித்து, "சரி, நீ வை" என்றான். இவர் வைக்கவில்லை. அவனும் வைக்கவில்லை.