மாப்பிள்ளையின் இடது முழங்கால்

கண்ணாடிக்கடைக்காரர் நேர்மையானவர். கண்ணைச் சோதித்தால் உள்ளதை உள்ளபடி சொல்வார். விலைகூடிய பிரேம்களை யார் தலையிலும் கட்டமாட்டார். மாமனாரோடு போனில் சதுரங்கம் ஆடும்போது மட்டும் இடது முழங்கால்மேல் இன்னொரு போனை வைத்துக்கொண்டு, அதிலுள்ள கம்ப்யூட்டர் சொல்கிறபடி காய் நகர்த்துவார்.

முதல் தடவை சும்மா செய்து பார்த்ததுதான். ரயில் ஓட்டி ஓய்வுபெற்ற மாமனாரோ அன்றே உறவுக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டு, "மாப்பிள்ளைக்கு என்னா மூளைங்கற" என்று சொல்லிவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து அவர் வாயால் வந்த முதல் பாராட்டு. அதைத் திருப்பிக் கொடுக்க இவருக்கு மனசு வரவில்லை. ஆனால் ஜெயித்த நாளிலெல்லாம் சோறு இறங்காது.

இப்போது மாமனார் ஞாயிற்றுக்கிழமை நேரில் ஆட வருகிறார்.

மூளை சுறுசுறுப்பாகட்டும் என்று கண்ணாடிக்கடைக்காரர் காலையில் நடந்தார், சீக்கிரம் படுத்தார், மரக்காய்கள் வாங்கித் தனியாக ஆடிப் பார்த்தார். திரையில் தட்டையாகக் கிடந்தவை பலகையில் எழுந்து நின்று ஒன்றையொன்று மறைத்தன. அதைவிடத் தொல்லை, யோசிக்க வேண்டிய இடம் வந்தாலே கண் தானாக முழங்காலுக்குப் போனது.

"முட்டியில என்னங்க, எழுதியா ஒட்டியிருக்கு?" என்றாள் மனைவி.

ஞாயிறன்று மாமனார் புதுச்சட்டையோடு வந்தார். மாப்பிள்ளைக்கு ஈடுகொடுக்க அவரும் தினம் நடக்கிறாராம். ஆட்டத்தில் மாப்பிள்ளையின் பார்வை இரண்டாம் முறை கீழே போனதும் எழுந்துபோய்த் தலையணை எடுத்துவந்தார்.

"வலிச்சா காலைத் தூக்கி வச்சுக்குங்க மாப்பிள்ளை. என்கிட்ட என்ன கூச்சம்?"

அந்தத் தலையணைமேல் காலை வைத்துக்கொண்டு ஒழுங்காக ஆட யாராலும் முடியாது. குதிரை போயிற்று, ராணி போயிற்று, சீக்கிரமே ராஜாவும் மாட்டிக்கொண்டார்.

ஜெயித்த மாமனாரின் முகம் சுண்டிப்போயிற்று. "வயசானவன்னு விட்டுக்குடுத்தீங்களா? இதுக்கா நான் இவ்வளவு தூரம் வந்தேன்?"

அவரோடு நேர்மையாக ஆடிய ஒரே ஆட்டத்துக்கு இந்தப் பட்டம்.

"விட்டுக்குடுக்கல மாமா. என் ஆட்டம் இவ்வளவுதான். போன்ல உங்களோட ஆடினது கம்ப்யூட்டர். பாத்துப் பாத்து நகர்த்தினேன்."

மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"போன மாசம் நாப்பது மூவ் தாக்குப்பிடிச்சேனே, அது?"

"அதுவும் கம்ப்யூட்டர்தான் மாமா."

மாமனார் போனை எடுத்துத் தன் தம்பியைக் கூப்பிட்டார். "டேய் தம்பி, கம்ப்யூட்டர்கிட்டயே நாப்பது மூவ் நின்னிருக்கேன்டா, அது தெரியாம இருந்திருக்கேன். யாரு, மாப்பிள்ளையா? அவரு சும்மா காய் தள்ளியிருக்காரு."

பேசியபடியே தலையணையை மாப்பிள்ளையின் காலடியிலிருந்து உருவி, தன் முதுகுக்கு அண்டக்கொடுத்துச் சாய்ந்துகொண்டார்.