ஆறுமணிக்குருவிக்கு ஒரு ஃபுல் ஃபிரேம்

பழைய கேமராவை விற்றுவிடு என்று அவனிடம் சொன்னது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் சொன்னால், எனக்குச் சாதகமாக ஒளித்து வைத்திருந்தேன் என்று தோன்றும்.

அவனுக்குக் குன்னத்துகாலில் பைக் ஒர்க்‌ஷாப். நான் பாறசாலையில் ஒரு தனியார் லேபில் ரத்தமும் சளியும் பார்க்கிறவன். ஒருநாள் கிளட்ச் கேபிள் அறுந்து வண்டியை அவனிடம் தள்ளிக்கொண்டு போனேன். தோளில் கேமராப் பை இருந்தது. அவன் வண்டியைப் பார்க்கவே இல்லை. கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, "எந்த மவுண்ட்?" என்று கேட்டான்.

பைத்தியம் பிடித்தவனுக்குத்தான் அந்தக் கேள்வி வரும். ஒரு கம்பெனியின் லென்ஸ் இன்னொரு கம்பெனியின் கேமராவில் ஏறாது. கேமராவின் வாயில் லென்ஸ் போய் உட்காரும் வளையம் இருக்கிறதே, அதுதான் மவுண்ட். கம்பெனிக்குக் கம்பெனி அது வேறு. நாங்கள் இருவரும் ஒரே கம்பெனி என்று தெரிந்த நிமிடமே பெண் எடுத்துப் பெண் கொடுத்த குடும்பம் மாதிரி ஆகிவிட்டோம். அவனுடைய லென்ஸ் என் வீட்டில் கிடக்கும், என்னுடையது அவன் வீட்டில். கிளட்ச் கேபிளுக்கு அன்று அவன் காசு வாங்கவில்லை.

எனக்கு மனிதர்களைப் பிடிக்கும். சபையில் அறுப்பின் பண்டிகை, சொந்தக்காரர் கல்யாணம், எதையும் விடமாட்டேன். அவனுக்குப் பறவை. அதிலும் ஒரே ஒரு பறவை. மலையாளத்தில் காவி என்பார்கள், தமிழில் ஆறுமணிக்குருவி. துலாவர்ஷத்தோடு, அதாவது ஐப்பசி மழையோடு, வடக்கிலிருந்து வந்து, வெயில் ஏறும்போது திரும்பிப் போய்விடும். காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் இரண்டு சீழ்க்கை அடிக்கும். பச்சை முதுகு, நீலத் தோள், கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை, அடிவயிற்றில் குங்குமம். இவ்வளவு நிறத்தையும் வைத்துக்கொண்டு அது இருட்டில்தான் நடமாடும். ஒற்றசேகரமங்கலத்தில் அவன் வீட்டுக்குப் பின்னால் ஒரு நாகர் காவு, பாம்புக்கு விட்ட தோப்பு, உண்டு. மரத்தையும் கொடியையும் யாரும் வெட்டுவதில்லை. நடுப்பகலிலும் அங்கே வெளிச்சம் விழாது. அந்தக் குருவி வருஷந்தோறும் அங்கேதான் வந்து இலைச் சருகைக் கிளறும்.

எங்கள் கேமராக்களில் இருந்தது சின்ன சென்சார். காவுக்குள் காலை ஆறு மணிக்குப் படம் எடுத்தால், படம் முழுக்க ரவை கொட்டினதுபோல் இருக்கும். ஃபுல் ஃபிரேம் என்றால் பழைய ஃபிலிம் அளவுக்கே பெரிய சென்சார். அரை இருட்டிலும் தெளிவாக எடுக்கும். நாலு மழைக்காலம் அவன் அந்தக் குருவியின் பின்னால் நடந்தான். நாலு மழைக்காலமும் ரவைதான் கிடைத்தது. அவனுடைய ஆசை மிகச் சிறியது. அந்தக் குருவியின் ஒரு படம், ரவை இல்லாமல், அவன் எடுத்ததாக.

அந்த வருஷம் எங்கள் கம்பெனி புதிய ஃபுல் ஃபிரேம் ஒன்று கொண்டுவரப்போகிறது என்று வதந்தி கிளம்பியது. கேமரா வதந்திக்கென்றே இணையத்தில் பக்கங்கள் உண்டு. எந்த வதந்தியை எவ்வளவு நம்பலாம் என்று நட்சத்திரம் போட்டுக் காட்டுவார்கள். நான் காலையில் பல் தேய்ப்பதற்கு முன்பு அதைப் பார்ப்பேன். பறவையின் கண்ணைத் தானே தேடிப் பிடிக்குமாம், சத்தமே இல்லாமல் எடுக்குமாம் என்று அவனுக்கு வாய்ஸ் அனுப்புவேன். அதில் எனக்கு ஒரு பெருமை. ஏதோ நானே ஜப்பானில் உட்கார்ந்து அதைச் செய்வதுபோலப் பேசுவேன். என் மனைவி ஒருநாள் சொன்னாள், "கர்த்தருக்க ரெண்டாம் வருகைக்குக்கூட நம்ம சபையில ஒருத்தரும் இப்பிடிக் காத்திருக்கல்ல."

அப்படிக் காத்திருந்த நாளில்தான் அவனுக்கு யோசனை சொன்னேன். புதியது அறிவித்துவிட்டால் பழையதின் விலை விழுந்துவிடும், இப்போதே விற்றுவிடு என்றேன். விற்றதோடு கொஞ்சம் சேர்த்துப் பெரிய லென்ஸ் ஒன்று வாங்கு, கேமரா மாறிக்கொண்டே இருக்கும், லென்ஸ்தான் நிலைக்கும் என்றேன். இதை நானாகக் கண்டுபிடிக்கவில்லை. இந்தப் பைத்தியத்தில் விழுந்த எல்லோரும் இதையேதான் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். புதிய கேமராவை நான் வாங்குகிறேன், உன் லென்ஸைப் போட்டு இருவரும் எடுக்கலாம், ஞாயிற்றுக்கிழமை காலை நான் சர்ச்சுக்குப் போகும் நேரம் கேமரா உன்னிடம் இருக்கட்டும் என்றும் சொன்னேன்.

"எலே, நான் ஒரு மாசம் கேமரா இல்லாம இருக்கணுமா?" என்று கேட்டான்.

"ஒரு மாசந்தானே மக்கா. கூடிப்போனா ஒண்ணரை."

என்னுடைய பழையதை நான் விற்றேன், அவனும் விற்றான். லென்ஸ் வந்தது. முன்கை அளவுக்கு நீளம், அவன் இதுவரை தொட்டதிலேயே நல்ல பொருள். கேமரா இல்லாத லென்ஸை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் என்ன செய்வான்? ஒர்க்‌ஷாப் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, அதைக் கொஞ்சம் எட்டப் பிடித்து, பின்பக்கம் வழியாக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பான். வெறும் லென்ஸில் உலகம் தலைகீழாகத் தெரியும். "வெள்ளறடை பஸ் தலைகீழாப் போவுது, வந்து பாரு" என்று என்னைக் கூப்பிடுவான். நானும் குனிந்து பார்த்துச் சிரிப்பேன். அப்போது எல்லாம் விளையாட்டாகத்தான் இருந்தது.

ஒரு மாதம் போயிற்று. ஒண்ணரையும் போயிற்று. துலாவர்ஷம் வந்தது. ஒரு விடியற்காலையில் அவனிடமிருந்து வாய்ஸ் வந்தது, பேச்சு எதுவும் இல்லை, மழை ஈரத்துக்குள் இரண்டு சீழ்க்கை மட்டும். குருவி வந்துவிட்டது. கேமரா வரவில்லை. வதந்திப் பக்கம் டிசம்பர் என்றது, பிறகு ஜனவரி என்றது, பிறகு நட்சத்திரத்தைக் குறைத்துக்கொண்டு கோடைக்கு மேல் என்றது. எனக்கு எரிச்சல் தலைக்கு ஏறியது. பொறுமை என்பது என் குடும்பத்தில் யாருக்கும் வாய்க்கவில்லை, எனக்கு அறவே இல்லை.

அந்த நேரம் பார்த்து இன்னொரு கம்பெனி தன்னுடைய புதிய ஃபுல் ஃபிரேமை அறிவித்தது. நான் நாள் எண்ணிக் காத்திருந்த எல்லா வித்தையும் அதில் இருந்தது. மூன்று சாயங்காலம் அதைப் பற்றிய வீடியோக்களைப் பார்த்தேன். நாலாவது நாள் திருவனந்தபுரத்துக்குப் பஸ் ஏறி, கேமராவும் அதற்கான பெரிய லென்ஸும் சேர்த்தே முன்பதிவு செய்துவிட்டு வந்தேன்.

அவனிடம் சொல்லவில்லை. கேட்டிருந்தால் வாங்கு என்றுதான் சொல்லியிருப்பான். ஆனால் சொல்லும்போது அவன் முகம் ஒரு நொடி மாறும், அதைப் பார்த்துவிட்டால் என்னால் வாங்க முடியாது. அந்த ஒரு நொடிக்குப் பயந்து ஒளித்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான்.

பெட்டி வந்த அன்று ஃபோனில், "கேமரா வந்தாச்சு, கொண்டு வாறேன்" என்று மட்டும் சொன்னேன். எந்தக் கேமரா என்று சொல்லவில்லை. நான் போனபோது அவன் கையை மண்ணெண்ணெயிலும் பிறகு சோப்பிலும் கழுவிவிட்டு நின்றிருந்தான். மேஜையில் ஸ்பேனர்களை ஒதுக்கி, சுத்தமான துண்டு விரித்து, அதன்மேல் தன் லென்ஸை எடுத்து வைத்திருந்தான்.

பெட்டியின்மேல் இருந்த பெயரை அவன் படித்தான். நான் வேகமாகப் பேசினேன். அவர்கள் தாமதமாக்கிவிட்டார்கள், இது அதைவிட நல்லது, எடை குறைவு என்று என்னென்னவோ பேசினேன். அவன் கேமராவை வாங்கிப் பார்த்தான். மூடியைக் கழற்றி அந்த வளையத்தை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"கொள்ளாம் மக்கா. நல்ல சாதனமாக்கும்" என்றான். பிறகு, "அடாப்டர் ஏதாவது கிட்டுமா?" என்றான்.

"பாக்கிறேன்."

இந்த இரண்டையும் ஒழுங்காகச் சேர்க்கும் அடாப்டர் அப்போது இல்லை. அது எனக்கு அங்கே நிற்கும்போதே தெரியும். அவன் லென்ஸைத் துண்டோடு சுற்றி, அலமாரியில் எஞ்சின் ஆயில் டப்பாக்களுக்குப் பின்னால் வைத்தான்.

கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். இரண்டு நாள் கழித்து அவனே கூப்பிட்டான். "காவி வந்து ரெண்டு மாசம் ஆச்சு. சனிக்கிழமை வா. அது எப்பம் எங்க வரும்னு எனக்குத் தெரியும்."

போனேன். விடிவதற்கு முன்பே காவுக்குள் உட்கார எனக்குச் சாக்கு விரித்து வைத்திருந்தான். நாகர் கல்லுக்கு இடதுபக்கம் ஒரு வேர் இருக்கிறது, அதன்மேல் ஏறி நின்றுதான் முதல் சீழ்க்கை அடிக்கும் என்று காதில் சொன்னான். நாலு மழைக்காலம் கொசுக்கடியில் உட்கார்ந்து சேர்த்த அறிவு அது. எனக்கு இரண்டு நிமிடத்தில் கிடைத்தது.

சொன்ன இடத்துக்குச் சொன்ன நேரத்தில் வந்தது. கேமரா அதன் கண்ணைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. சத்தமும் இல்லை. நான் எடுத்தேன், எடுத்துக்கொண்டே இருந்தேன். அது வேரிலிருந்து இறங்கியது, சருகைப் புரட்டியது, புழுவை இழுத்தது. பக்கத்தில் அவன் திரையைப் பார்ப்பதற்காகக் கொஞ்சம் சாய்ந்தான். சருகு நொறுங்கியது.

"சும்மா இரி, ஆடாத" என்று அதட்டினேன். அவன் வீட்டுக் காவில், அவன் குருவிக்கு முன்னால், நான் அதட்டினேன். அவன் நிமிர்ந்து உட்கார்ந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டான். முக்கால் மணி நேரம் அப்படியே இருந்தான்.

பிறகு படங்களைக் காட்டினேன். பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தான். "ஒரு ரவை இல்ல" என்றான். வீட்டில் புட்டும் பயறும் தந்தார்கள். நான் இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டபடி சென்சாரைப் பற்றிப் பேசினேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன்.

அன்று மத்தியானம் படத்தைக் கம்ப்யூட்டரில் போட்டிருந்தபோது என் மனைவி வந்து பின்னால் நின்றாள். "அண்ணனுக்குக் கிட்டிட்டே. எவ்வளவு நாளா இதுக்க பின்னால நடந்தாங்க" என்றாள். அவனை அவள் அண்ணன் என்றுதான் சொல்வாள்.

"நானாக்கும் எடுத்தது."

"அப்பம் அண்ணன் எடுத்தது எது?"

அவனிடம் கேமரா இல்லை, லென்ஸ் மட்டும்தான் இருக்கிறது, அது இதில் ஏறாது, மவுண்ட் வேறு என்று விளக்கினேன். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள், "அவங்க லென்ஸ் ஏறாண்டாம். இதில ஒரு லென்ஸ் உண்டுல்லா. இதை அப்பிடியே அவங்க கையில ஒரு அஞ்சு நிமிசம் குடுத்தா என்ன?"

சத்தியமாக அது என் புத்தியில் வரவே இல்லை. மவுண்ட், சென்சார், அடாப்டர் என்று வருஷக்கணக்கில் பேசியவனுக்கு, கையில் இருப்பதைப் பக்கத்தில் இருப்பவனிடம் கொடுக்கலாம் என்பது தோன்றவில்லை. குருவியின் படம் எவ்வளவு நன்றாக இருந்ததோ, அவ்வளவுக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை மறுபடி போனேன். காவுக்குள் உட்கார்ந்ததும் கேமராவை அவன் கையில் கொடுத்தேன். இந்தப் பொத்தான்தான், மற்றதை அது பார்த்துக்கொள்ளும் என்றேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டான்.

குருவி வந்தது. போன வாரத்தைவிடப் பக்கத்தில் வந்தது. வேரில் நின்று கழுத்தை நீட்டிச் சீழ்க்கை அடித்தது. நான் அவன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவை அசையவில்லை. அவன் வெறும் கண்ணால் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எடு மக்கா" என்றேன், மெதுவாக.

"அது கிட்டியாச்சுல்லா" என்றான். "இனி நான் எடுத்தா, உனக்க படத்துக்குக் காப்பியாக்கும்."

கோபத்தில் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லி இருவரும் சண்டை போட்டிருப்போம். அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். குருவி போகிறவரை பார்த்திருந்துவிட்டு, லென்ஸின் விளிம்பில் விழுந்திருந்த பனித்துளியை முண்டின் நுனியால் ஒற்றி எடுத்து, மூடியைப் போட்டு, இரண்டு கையாலும் கேமராவை என்னிடம் நீட்டினான். நான் வாங்கிக்கொண்டேன்.