கடை நடுவில் இருந்த தூண்

முப்பது வருடம் செவிலியராக இருந்து ஓய்வு பெற்ற கலைமதி, தருமபுரியில் இண்டூர் போகும் சாலையில் ஒரு மாடிக் கட்டடம் கட்டி வாடகைக்கு விட்டிருந்தார். கீழே சந்திரமோகனின் டைல்ஸ் கடை; மேலே தட்டச்சுப் பயிற்சி நிலையம்.

அன்று காலை தண்ணீர்க் குழாயைப் பார்க்கப் போனவர், கடைக்குள் நுழைந்ததும் அப்படியே நின்றுவிட்டார். நடுவில் இருந்த தூணைக் காணோம். மேலே அறுத்த கம்பிகள் மட்டும் தொங்கின.

"என்னங்க இது?" என்று கேட்டார்.

"வண்டி உள்ள வர இடைஞ்சலா இருந்துச்சுங்க. அதான் எடுத்துட்டோம்," என்றார் சந்திரமோகன், சாதாரணமாக.

மாடியில் தட்டச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கலைமதி படியேறி ஓடினார்.

"எல்லாரும் எறங்குங்கம்மா! பையெல்லாம் அங்கயே கெடக்கட்டும்!"

தட்டச்சு படிக்க வந்திருந்த இருபத்துமூன்று பெண்களும் தெருவுக்கு வந்ததும் அவர் ஒரு பொறியாளருக்கு ஃபோன் செய்தார்.

பொறியாளர் வந்து இரும்பு முட்டுகளை நிறுத்தினார். மறுநாள் வக்கீல் கவிப்பிரியா வாடகை ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்தார்.

"எழுத்துல அனுமதி வாங்காம எதையும் இடிக்கக் கூடாதுன்னு இருக்குதுங்க. அவர காலி பண்ண வெச்சிரலாம். ஆனா கட்டடம் வுழுந்திருந்தா, ஓனருன்னு உங்க மேலயும் கேஸ் வந்திருக்கும்."

"என் மேலயா?" என்றார் கலைமதி. "நேத்திக்கு முன்னாடி கடைக்குள்ள போயி எட்டு மாசம் ஆச்சேம்மா."

நோட்டீஸ் போனதும் சந்திரமோகன் காலி செய்தார். புதுத் தூண் எழும்பி, பொறியாளர் சான்று கொடுத்த பிறகே பெண்கள் மாடிக்குத் திரும்பினார்கள். முதல் நாள் வகுப்பு முடியும்வரை கலைமதி கீழேயே நின்றிருந்தார்.