ஒரே மூச்சில் ஓர் அறிவிப்பு

சாயங்காலமானால் என் நாத்தனார் தாடையை உள்ளங்கையில் தாங்கிக்கொண்டுதான் பேசுவார். கல்யாணமாகி வந்த புதிதில் அதைத் தோரணை என்று நினைத்தேன். பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்பு செய்பவர் அவர். வருடங்கள் கழித்து நரம்பு டாக்டர் சொல்லித்தான் புரிந்தது. நரம்பின் கட்டளை தசைக்குச் சரியாகப் போய்ச் சேராத நோய். வேலை செய்யச் செய்யத் தசை ஓய்ந்துவிடும். வேளாவேளைக்கு மாத்திரை போட்டால் சமாளிக்கலாம்.

பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன் என்றானபோது துணைக்குப் போனேன். ஆபரேஷன் அன்று காலையில் மயக்க மருந்து டாக்டர் வந்தார்.

"தசையைத் தளர்த்துற மருந்து உங்களுக்குத் துளி கூடினாலும் வம்பு. அப்புறம் தானா மூச்சு விட முடியாது. எங்க, ஒரே மூச்சுல எண்ணுங்க பாப்போம்."

"எண்ணுறதெல்லாம் எனக்கு வராது சார். அறிவிப்பு பண்றேன்."

"பண்ணுங்க, நான் பஸ்ஸைப் பிடிக்கிறேன்."

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று கணீரென ஆரம்பித்த குரல், அறிவிப்பில் பேருந்து நடைமேடைக்கு வருவதற்குள் மூக்கால் பேசுவதுபோல் இழுத்து நின்றுபோனது. டாக்டர் சிரிப்பதை நிறுத்தினார்.

"காலை மாத்திரை போட்டீங்களா?"

"பச்சத்தண்ணி பல்லுல படக்கூடாதுன்னு நர்ஸம்மா சொன்னாங்களே."

"ஒரு மடக்குத் தண்ணில மாத்திரை மட்டும் போடுங்கன்னு நான் நேத்தே சொன்னேனேம்மா!"

"நான் ரெண்டு பேருக்கும் பயந்தவ சார். கடைசியா சொன்னவங்களுக்குக் கொஞ்சம் அதிகமா."

அங்கேயே மாத்திரை கொடுத்து, ஆபரேஷனை மதியத்துக்குத் தள்ளிவைத்தார். எனக்கு யாரிடமும் கேள்வி கேட்டுப் பழக்கமில்லை. ஆனாலும் வாய் தானாகத் திறந்தது.

"தூங்குறவங்க தசைல எவ்வளவு தெம்பு மிச்சம்னு எப்படி சார் தெரியும்?"

அவர் கையடக்கக் கருவி ஒன்றைக் காட்டினார். மணிக்கட்டில் லேசாக மின்சாரம் விட்டால் கட்டைவிரல் துள்ளுமாம். துள்ளல் சோர்ந்தால் தசையும் சோர்ந்திருக்கிறது என்று அர்த்தமாம்.

மதியம் அறிவிப்பு மூச்சு விடாமல் கடைசிவரை ஓடியது. உள்ளே கொண்டுபோனார்கள்.

ஆபரேஷன் முடிந்தும், மூச்சுக்காகத் தொண்டையில் விட்டிருந்த குழாயை உடனே எடுக்கவில்லை. கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். மார்பு ஏறி இறங்கியது, ஆனால் அது இயந்திரத்தின் மூச்சு. டாக்டர் விரலைத் துள்ளவிட்டுப் பார்ப்பார், காத்திருப்பார், மறுபடி பார்ப்பார். பொழுது சாயும்போது அவர் ஏதோ சொல்ல, நாத்தனார் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார். தூக்கியபடியே வைத்திருந்தார். அதன்பிறகுதான் குழாய் வெளியே வந்தது.

"பசிக்குது" என்றார், கரகரவென்று.

இப்போது அவருக்குக் காலை ஷிப்ட் மட்டும். மாத்திரை தொடர்கிறது. மூச்சுக்கு ஒரு குறையுமில்லை.